கூடாரத்தில் இல்லாத மூன்று பேர்

நான் கட்டினதுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே கூரை விழுந்து கிடந்த பண்ணை வீட்டை ஆறு அறை வீடாக எழுப்பினது நான். பார்க்க வந்த இஞ்சினியர் இந்தச் சுவர் நிற்காது என்று எழுதிக் கொடுத்தார். சுவர் நிற்கிறது, இஞ்சினியர் பென்சனில் போய்விட்டார். சாமி வைப்பதற்கென்று நாங்கள் எடுத்த பழைய களஞ்சியத்துக்கு நிலம் பதித்தது நான். பிள்ளைகள் இருந்து தமிழ் படிக்கிற வாங்குகள் பன்னிரண்டும் என்ர கை. ஹொல்ஸ்டெப்ரோ வரைக்கும் எங்கட ஆக்களின் குளியலறைகளுக்கு ஓடு ஒட்டியிருக்கிறேன், ஒன்றும் கழன்றதாகத் தகவல் இல்லை. கடைசியாக, வருஷாவருஷம் ஆடி மாதம் எங்கட சங்கம் கூடாரம் அடிக்கிற ஏரிக்கரையில் தண்ணிக்குள் இறங்குகிற ஐந்து கல் படி. அதையும் நான்தான் வைத்தேன்.

படித்தது ஐந்தாம் வகுப்பு. பத்து வயதில் மேசன்மாருக்குச் சாந்து குழைக்கப் போனவன். இந்த நாட்டில் வந்து இறங்கும்போது இங்கிலீசு எழுத்தில் என்ர பெயரைக்கூட எழுதத் தெரியாது. இதெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை, கணக்கு நேராக இருக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏனென்றால் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதின வரலாற்றை அச்சுக்குப் போக முதல் எனக்கும் காட்டினார்கள். அதில் ஏரிக்கரை முகாமைப் பற்றி ஒரே ஒரு வரி: “அக்காலத்தில் சில சகோதரர்கள் தற்செயலாக அங்கு சென்றதிலிருந்து இவ்வழக்கம் ஆரம்பமானது.”

தற்செயலாகவாம். அந்த வரியை எழுதினவரும் அங்கே என்னோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர்தான். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், பிறகு கோல்டிங்கில் இருந்துகொண்டு எங்களுக்கெல்லாம் மொழிபெயர்த்தவர். அவரை மாஸ்டர் என்றே எழுதுகிறேன். மூன்றாவது ஆள் மட்டக்களப்புத் தம்பி. அப்போது கலியாணம் கட்டாதவன், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போய்ப் போய் எங்களில் எவரையும் விட டெனிஷ் நன்றாகப் பிடித்துக்கொண்டவன். கார் அவனுடையது.

அந்த வருஷங்கள் எப்படிப்பட்டவை என்று இளம் ஆட்களுக்குத் தெரியாது. மனைவி பிள்ளைகளை இந்த நாட்டுக்கு எடுக்க உரிமை இருக்கிறது என்று சட்டம் சொல்லிற்று. நான் விண்ணப்பம் போட்டு இரண்டு வருஷம். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. என்ர மனிசி யாழ்ப்பாணத்தில் தாய் வீட்டில், எட்டு வயது மகனோடும் ஆறு வயது மகளோடும் இருந்தா. எங்கட ஆட்களின் கடதாசிகளை மேலே வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதற்காக ஒரு அரசாங்கமே விழுந்ததையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆனால் அப்போது எங்களுக்கு எதுவும் தெரியாது. தெரியாதபடியால் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். தபால்காரன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான், சிரிக்காவிட்டால் என்னத்தை ஒளிக்கிறான்.

மாஸ்டர் எங்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் சொல்லியிருந்தார். “ஒரு கடதாசியில எழுதினது எல்லாக் கடதாசியிலயும் இருக்கவேணும், அண்ணை. ஒண்டில மனிசின்ர பேர் விட்டுப்போச்செண்டால், இவருக்கு மனிசியே இல்லை எண்டு முடிச்சுப்போடுவாங்கள்.” நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நாலு பெயர், நாலு பிறந்த திகதி. அந்த நாலு வரியையும் சுவரில் கோடு போடுகிற மாதிரி ஒவ்வொரு இரவும் எழுதி எழுதிப் பழகினேன். எனக்கு அந்த எழுத்தில் தெரிந்தது அவ்வளவுதான். எங்கே எந்தப் படிவம் நீட்டினாலும் நாலு வரியும் விழும். மொழிப் பள்ளிக்கூடத்தில், வைத்தியரிடம், தொழிற்சாலையில். நூலகத்தில் எழுதிக் கொடுத்தபோது அந்தப் பெண் யோசிக்காமல் நாலு அட்டை தந்துவிட்டா. யாழ்ப்பாணத்தில் இருந்த என்ர மகளுக்கு இந்த ஊர் நூலகத்தில் அட்டை இருந்தது.

ஆடி மாதம் தொழிற்சாலை மூன்று கிழமை பூட்டு. ஊரே காலியாகும். என்ர மேற்பார்வையாளர் ஒருநாள் தன் பழைய கூடாரத்தைக் கொண்டுவந்து காட்டி, கொண்டுபோய் ஏரிக்கரையில் நாலு நாள் இரு, நல்லது என்றார். ஏன் தருகிறான் என்று மூன்று பேரும் இருந்து யோசித்தோம். வீடு இருக்கிற சனம் வீட்டைப் பூட்டிவிட்டுத் துணிக்குள் படுக்கப் போகிறதே எங்களுக்கு விளங்காத கதை. எங்கட ஊரில் காம்ப் என்றால் ஆமிக் காம்ப் ஒன்றுதான். மாஸ்டர் ஒரு விளக்கம் சொன்னார். நாங்கள் விடுமுறைக்குப் போய்ச் சந்தோசமாக இருக்கிறோம் என்று அலுவலகத்துக்குத் தெரிந்தால், இவங்களுக்கு அவசரமில்லை, குடும்பம் ஆறுதலாக வரட்டும் என்று வைத்துவிடுவார்களாம். போகாவிட்டால் இன்னும் பிழை, இந்த நாட்டு வழக்கத்துக்கு ஒத்துவராதவர்கள் என்று எழுதுவார்களாம். கடைசியில் போய், சந்தோசமில்லாமல் இருந்துவிட்டு வருவது என்று தீர்மானித்தோம்.

கம்பிங் என்கிற அந்தக் கூடாரத் திடலின் வாசலில் ஒரு சிறு மரவீடு. அதற்குள் இருந்து நெடுநெடுவென்று ஒரு கிழவன் வந்தான். ரப்பர் சப்பாத்து, காதில் பென்சில். ஆளுக்கொரு படிவம் தந்தான். நான் என்ர நாலு வரியையும் எழுதினேன். பக்கத்தில் பார்த்தால் மாஸ்டர் தன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். அவருடைய மனிசியும் ஊரில்தான். பாடம் சொன்னவரே ஏன் எழுதவில்லை என்று எனக்கு உடனே ஒரு குத்தல். கேட்கவில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

கிழவன் என்ர படிவத்தை வாசித்தான், காருக்குள் எட்டிப் பார்த்தான், திரும்பவும் வாசித்தான். பிறகு பின்னுக்கு மரங்களுக்குள் எத்தனையோ இடம் கிடக்க, தன் யன்னலுக்கு நேர் முன்னால், சிறுவர் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் எங்களை விட்டான். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறான் என்பது இரண்டு பேருக்கும் விளங்கிற்று. ஒருவரும் குடும்பக் கதை எடுக்கக்கூடாது என்று நான் கட்டளை போட்டேன்.

அன்று பின்னேரம் கிழவன் வந்து கூடாரத்தின் வாசலில் நின்றான். பென்சிலால் எங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். உள்ளுக்கு எட்டிப் பார்த்தான். ஏதோ கேட்டான். தம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தான், நான் முழங்கையால் இடித்தேன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டு நின்றோம். கிழவன் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலை கூடாரத்தின் முன்னால் தண்ணியில் மிதக்கப் போடுகிற இரண்டு சிவப்புச் சட்டைகள் கிடந்தன. இரண்டும் சின்னன், பிள்ளைகளுடைய அளவு. எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் கைகூட நுழையாது. இது என்ன பகிடியா, பொறியா என்று எனக்குத் தெரியவில்லை. தொட்டால் தொட்டதுக்கும் ஒரு கடதாசி வரும் என்று ஒரு தடியால் கிளப்பிக் கூடாரத்தின் பின்னால் போட்டேன். மத்தியானம் கிழவன் வந்து அந்த இரண்டு சட்டையும் புல்லுக்குள் கிடக்கிறதைக் கண்டான். முகம் வெளிறிப் போயிற்று. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பின்னேரம், இந்த நாட்டுக் கோடையில் ஒன்பது மணிக்கும் பகல்தானே, கிழவன் கரையோரம் குனிந்து குனிந்து நடந்தான். நாங்கள் குளித்துவிட்டு ஏறின இடத்தில் மணலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். “கால் அடையாளம் எடுக்கிறான்” என்றார் மாஸ்டர். பிறகு ஒரு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினான். நாணல் பக்கம் போய், நீளக் கம்பு ஒன்றால் தண்ணிக்குள் குத்திக் குத்திப் பார்த்தான். இடைக்கிடை எங்கட பக்கம் திரும்பிப் பார்த்தான். தண்ணிப் பக்கத்தில் இருந்தும் எங்களைக் காவல் காக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். அந்த நேரத்திலும் ஒன்றைக் கவனித்தேன், சொல்லாமல் விட ஏலாது: அவன் வள்ளத்தில் ஏறின மரப்படி ஒரு பக்கம் சரிந்து, உக்கிப்போய் இருந்தது.

அன்று கூடாரத்துக்குள் எனக்கும் மாஸ்டருக்கும் முறுகல். நீங்கள் ஏன் மனிசியின் பெயரை எழுதவில்லை என்று கேட்டுவிட்டேன். அவர் எழும்பி இருந்தார்.

“நீங்கள் எழுதினீங்களோ?”

“நாலு வரியும் எழுதினனான். நீங்கள்தானே சொன்னது.”

“அது அலுவலகக் கடதாசிக்கு, அண்ணை. இது இஞ்ச படுக்கிற ஆக்களின்ர கணக்கு. இதைப் பொலிசும் பாக்கும். அப்ப உங்கட மனிசியும் பிள்ளையளும் டென்மார்க்கில, இந்தக் கூடாரத்தில இருக்கினம் எண்டெல்லோ நீங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறியள்.”

இனி அலுவலகத்தில் என்ன சொல்லுவார்கள்? இங்கே இருக்கிறவளை எடுக்க ஏன் விண்ணப்பம், அல்லது கள்ளமாக எடுத்து எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய். இரண்டு வருஷம் காத்திருந்ததை நானே என்ர கையால், அழகான எழுத்தில், உடைத்துவிட்டேன். விடிய முதல் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போவோம் என்றார் மாஸ்டர். கடதாசி அங்கே கிடக்க நான் எங்கே போகிறது?

காலை எட்டு மணிக்குக் கிழவன் தானே வந்தான். கையில் என்ர படிவம். கடைசி வரியில், மகளின் பெயருக்குக் கீழே, விரலை வைத்துக்கொண்டு நின்றான். தம்பியைப் பார்த்துப் பேசினான், குரல் உயர்த்தவில்லை.

தம்பி என் பக்கம் திரும்பினான். “இந்தப் புள்ள எங்க எண்டு கேக்கிறார், அண்ணன்.”

“சொல்லாத. பொலிசுக்கு டெலிபோன் அடிப்பான்” என்றார் மாஸ்டர்.

“சொல்லாட்டித்தான் அடிப்பாராம். ரெண்டு புள்ளையளும் வந்ததா எழுதிக் கிடக்காம், ஒருத்தரும் கண்ணால காணல்லயாம். மிதக்கிற சட்டையும் போடாமக் கிடந்திச்சாம். மறுகா நேத்துப் பின்னேரம் மணலில சின்னக் கால் தடம் தேடினாராம். காணாததால நாணலுக்குள்ள...” தம்பி ஏரிப் பக்கம் திரும்பினான்.

அந்த மனுசன் முதல் நாள் பின்னேரம் ஏரிக்குள் கம்பு விட்டுத் தேடினது என்ர பிள்ளைகளை. நான் அவரை உளவாளி என்று முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அவரும் பிள்ளைகளைத் தொலைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறவன் என்று என்னைப் பார்த்திருக்கிறார்.

மாஸ்டர் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் கேட்கவில்லை. காற்சட்டைப் பையில் இருந்த கடிதத்தை எடுத்தேன். கடைசியாக வந்த கடிதம், நீல நிறம், வான் தபால். அதற்குள் மடித்து ஒரு கொப்பித் தாள். மகளின் காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு கீறி அனுப்பியிருந்தா மனிசி. சப்பாத்து வாங்க அளவு. அந்தத் தாளை விரித்து அவருடைய கையில் கொடுத்தேன். மணலில் தேடின கால் அதுதான்.

அவர் காலைப் பார்த்தார். பிறகு கடிதத்தை வாங்கி, எழுத்தைப் பாராமல் முத்திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு தபால் குத்தின திகதியை வாசித்தார். முப்பது வருஷம் தபால் கொண்டுதிரிந்தவராம், பென்சனுக்குப் பிறகுதான் இந்த வேலையாம். மூன்று கிழமைக்கு முன் அந்த ஊரில் குத்தினது என்று அவரே சொன்னார். அப்படியே எங்கட கூடாரத்து வாசலில் புல்லில் இருந்துவிட்டார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். நாலு கரண்டி சீனி போட்டதையும் பேசாமல் குடித்தார்.

தம்பி முழுக்கதையும் சொன்னான். விண்ணப்பம், இரண்டு வருஷம், பதிலில்லை. அப்படி இராது, சட்டத்தில் இருக்கிறதை ஏன் தராமல் வைத்திருக்கிறார்கள் என்று கிழவர் இரண்டு தரம் கேட்டார். எங்களிடமும் அதே கேள்விதான் இருந்தது.

பிறகு நான் என்ர அலுவலுக்கு வந்தேன். படிவத்தைக் கிழித்துத் தரச் சொல்லித் தம்பியிடம் சொன்னேன். மாட்டேன் என்றார். இலக்கம் போட்ட புத்தகம், ஒரு தாள் குறைந்தாலும் கேள்வி வரும். எனக்குத் திரும்பவும் சந்தேகம் வந்துவிட்டது. தேத்தண்ணியும் குடித்துவிட்டுக் கடதாசியை வைத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அவர் காதில் இருந்த பென்சிலை எடுத்தார், திருப்பி வைத்தார், மரவீட்டுக்குப் போய்ப் பேனையோடு வந்தார். என்ர மனிசி, மகன், மகள், மூன்று பெயருக்கும் பக்கத்தில் தனித்தனியாக, வந்து சேரவில்லை என்று டெனிஷில் எழுதினார். மூன்று தரம். கீழே கையெழுத்து வைத்து, கம்பிங்கின் முத்திரையையும் குத்தினார். முத்திரையின் நடுவில் ஒரு வாத்து. அதேபோல இன்னொரு தாளிலும் எழுதிக் குத்தி என்ர கையில் தந்தார்.

காரில் ஏறும்போது மாஸ்டருக்குச் சிரிப்பு. “வாத்து முத்திரை. கொண்டுபோய்க் காட்டுங்கோ அண்ணை. நாளைக்கே மனிசி பிளேனில வந்து இறங்குவா.”

நான் காரில் ஏறவில்லை. ஒருவரிடமும் சும்மா வாங்கிப் பழக்கமில்லாதவன் நான். அந்தச் சரிந்த மரப்படியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கரையில் கிடந்த கற்களில் தட்டையானதாகப் பார்த்து ஐந்து கல் பதித்தேன். தூக்குக்குண்டுக்குப் பதிலாக நூலில் கரண்டியைக் கட்டிப் பிடித்தேன். தம்பி கல் உருட்டித் தந்தான். மாஸ்டர் காருக்குள் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தார். என்ர மனிசி பிள்ளைகள் வரும்போது சறுக்கக்கூடாது என்று கிழவரிடம் சொல்லச் சொன்னேன். தம்பி சொன்னான். கிழவர் ஏறி நின்று மிதித்துப் பார்த்தார்.

அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொம்யூனில், அதாவது நகரசபையில், எங்கட அலுவல் பார்த்த பெண்ணிடம் கொடுத்தேன். அவ வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் உன் குடும்பத்தைப் பற்றி முத்திரையோடு ஒருவர் எழுதித் தந்தது இதுதான் என்று சொல்லி, படி எடுத்து, விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினா. அடுத்த இளவேனிலில் மனிசியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். கோடு கீறின அளவுக்கு நான் வாங்கி வைத்த சப்பாத்து மகளின் காலுக்குள் போகவில்லை.

எல்லாருடைய குடும்பமும் அந்தக் காலத்தில்தான் வந்தது, விசயம் வெளியே வந்தபடியால் வந்தது, வாத்தால் வரவில்லை என்று மாஸ்டர் சொல்லுவார். என்ர மகளும் அப்படித்தான் சொல்கிறாள். இதைத் தட்டச்சு செய்கிறதும் அவள்தான், செய்துகொண்டே சொல்கிறாள். இருக்கட்டும். அலுவலகத்துக்குள் எந்தத் தாளை யார் பார்த்தார்கள் என்று மாஸ்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் இன்றைக்கும் அந்தத் தாளைத்தான் நம்புகிறேன்.

அந்தக் கோடையில் நாலு பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். அதே நாலு வரியை எழுதினேன். கிழவர் காதில் இருந்து பென்சிலை எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தலைகளைத் தொட்டு எண்ணினார். சின்னவள் நாலாவது. உள்ளே போய்ச் சிவப்புச் சட்டை இரண்டையும் எடுத்துவந்தார். ஐந்து படியிலும் என்ர மகள் இறங்கி ஏரிக்குள் போனாள். அதற்கு அடுத்த வருஷம் தம்பி தன் புது மனிசியோடு வந்தான், மாஸ்டரும் குடும்பத்தோடு வந்தார். பிறகு சங்கம் வந்தது. இப்போது முப்பது கூடாரம், டெனிஷில் கத்திக்கொண்டு ஓடுகிற பேரப்பிள்ளைகள்.

ஆகவே சங்கத்தாரே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தற்செயலாக என்ற சொல்லை எடுங்கள். தற்செயலாக ஒருவனும் நாலு வரி எழுதிப் பழகமாட்டான், தற்செயலாகக் கல் படியாக வந்து படுக்காது. வாத்து முத்திரைத் தாள் என்னிடம் இருக்கிறது, தருகிறேன், முழுப் பக்கத்தில் போடுங்கள். கிழவர் இப்போது இல்லை, அவருடைய பங்கை நான் எழுதிவிட்டேன். இதில் நான் ஒருவரின் பெயரையும் எழுதவில்லை, என்ர பெயரையும் எழுதவில்லை. அந்தத் தாளின் படத்துக்குக் கீழே என்ர பெயரை எழுதவேண்டியது நீங்கள். மாஸ்டரின் கையெழுத்தில் எழுதினால் இன்னும் நல்லது.